வெட்டியெடுத்தவை

பிப்ரவரியில் மட்டும் மூன்று பேர்.

முதலில் போனது குதிரையின் பின்பாதி.
பஃப்னூசி வொலோஷ்.
ஞாயிறு காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில்
இருபத்தாறு ஆண்டுகள்
சாக்குத்துணிக்குள் குனிந்தே நடந்தவர்.
முன்பாதிக்கு விருது கொடுத்தார்கள்.
வூச் நகரத் தெருமுனை ஒன்றில்
வெண்கலக் குளம்பும் வைத்தார்கள், முன்னிரண்டு மட்டும்.
வாலை ஆட்டியது இவருடைய இடது கை.
அந்த வால் இல்லையென்றால் அது குதிரையே இல்லை,
கழுத்து நீண்ட ஒரு மேசை.

பத்து நாள் கழித்து தியோதோசியா.
கேலி நாடக அரங்கில் மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி.
முதல் சிரிப்புக்குச் சம்பளம் வாங்கியவள்.
அவள் சிரித்த பிறகுதான் ஊருக்குத் தைரியம் வரும்.
தணிக்கை அதிகாரி பின்னால் உட்கார்ந்திருந்த இரவுகளிலும்
அரை நொடி முந்திச் சிரித்தாள்.
அந்த அரை நொடிக்கு யார் பட்டியல் வைத்திருக்கிறார்கள்?

மாதக் கடைசியில் செவெரின் திராபிக்.

இவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.
மற்ற இருவரும் வழியில் ஏறிக்கொண்டார்கள்.

போலந்தில் வெளிநாட்டுப் படம் என்றால்
எல்லோருக்கும் ஒரே குரல்.
காதலியும் அவர், கொலைகாரனும் அவர்,
தொட்டிலிலிருந்து வரும் முதல் சொல்லும்
அதே தொண்டை, அதே சுருதி.
அடியில் அசல் குரல்கள் மங்கலாய்க் கேட்கும்,
சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி.
நடிக்கக் கூடாது. அதுதான் வேலை.
அழுகையை அழாமல் சொல்ல வேண்டும்,
முத்தத்துக்கு முன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
பிளேடும் பசைநாடாவும் என் வேலை.
அவர் இருமலை வெட்டினேன்,
தாள் புரளும் ஓசையை, நாற்காலியின் முனகலை,
மதியம் தாண்டியும் சாப்பிடாத வயிற்றின் உறுமலை.
வெட்டியதை ஏனோ எறியவில்லை.
ஒட்டி ஒட்டி ஒன்பது நிமிடம் சேர்ந்தது
ஒரு பிஸ்கட் டப்பாவில்.

நாளிதழில் நான்கு வரி.
"புகழ்பெற்ற பல்பசை விளம்பரத்தின் குரல் மறைந்தது."
பதினோரு நொடி விளம்பரம் அது.
தங்கை வீட்டுக் கொதிகலன் வெடித்த வாரம்
பணத்துக்காகப் பேசினார்.
மூவாயிரம் படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.
புகைப்படமும் வேறு யாருடையதோ.

கல்லறையில் ஏழு பேர். நல்ல சேறு.
தெரியாத ஒருவர், டிராம் ஓட்டுநர், என்னிடம் சொன்னார்:
"இவர் பேசினதாகவே எனக்கு நினைவில்லை, அம்மா.
அந்த நடிகைகள் நேராக
நம் மொழியில் பேசினதாகத்தான் நினைவு."
மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.
இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.
சொல்ல வேண்டியவரிடம் சொல்ல ஒரு வாரம் தாமதம்.

வீட்டில் பழைய இயந்திரத்தின் வார் இற்றுப்போயிருந்தது.
ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினேன். ஓடியது, தள்ளாடியபடி.
இருமல்.
தண்ணீர்க் குவளை.
"வெளியே பனி பெய்கிறதா?"
மறுபடி இருமல்.

ஆறாவது நிமிடத்தில் அது வந்தது.
கப்பலுக்குப் போகும் மகனிடம் ஒரு தாய் சொல்லும் வரி:
"கதவை நான் தாழிட மாட்டேன்."
அதில் செவெரினுக்குக் குரல் உடைந்தது,
ஒரே தடவை, இருபத்தொரு வருடத்தில்.
அன்று உடனே பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் குடித்தார்.
இரண்டாவது முறை காய்ந்த ரொட்டி போலச் சொன்னார்.
நாடு கேட்டது அந்த ரொட்டியை.

உடைந்ததன் பின்னால் ஒரு மௌனம்.
நாடா தீர்ந்துவிட்டது என்று எழுந்தேன்.
தீரவில்லை. ஒரு பெண்குரல்,
மூக்கடைத்து, கரகரத்து, வேலைக்கே லாயக்கில்லாமல்:

"உணர்ச்சி வேண்டாம், செவெரின்."

என்னுடையது.
இதையும் வெட்டித்தான் வைத்திருக்கிறேன்.